கச்சான் காலத்தில் விண்டி செயலி: உப்புவெளிக் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

பட்டத்தின் இழுவையில் பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட்சர்ஃபிங்கை நான் பழகியது இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டியில்; வசிப்பது கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையில். காற்று முன்னறிவிப்புக்காக விண்டி செயலியை மூன்று வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கற்பிட்டியில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்று கடலிலிருந்து வருகிறது. அதே காற்று தீவைக் குறுக்கறுத்து, காடும் வயலும் தாண்டி, திருகோணமலைக்கு வரும்போது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நம்மவர்கள் கச்சான் என்று சொல்வது அதைத்தான். செயலியின் வரைபடத்தில் இரண்டு ஊர்களும் ஒரே நிறத்தில் தெரிவதால், வேகத்தைக் காட்டும் அந்த நிறத்தை மட்டும் நம்பிப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருக்கு இங்கே ஆபத்து காத்திருக்கிறது.

விண்டி செக் நாட்டில் 2014 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. போட்டியாளரான விண்ட்குருவும் அந்த நாட்டினுடையதே. கடலே இல்லாத நாடொன்றிலிருந்து கடற்காற்றுக்கான இரண்டு சேவைகளும் வந்திருப்பதை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். விண்ட்குரு எண்களால் நிறைந்த ஓர் அட்டவணை. பழகிய கண்ணுக்கு அது போதும். விண்டியில் காற்று மெல்லிய கோடுகளாக ஓடுவதைப் பார்க்கலாம், விரும்பிய இடத்தைத் தொட்டால் அட்டவணையும் கிடைக்கும். வேக அலகைத் தொட்டு மாற்றிக்கொள்ள முடிவது சிறிய வசதிதான், ஆனால் நமக்குத் தேவையானது. வளிமண்டலவியல் திணைக்களம் மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்று அறிவிக்கிறது, பட்டக்காரர்களோ நொட்டில் பேசுகிறார்கள். ஒரு நொட் என்பது மணித்தியாலத்துக்கு 1.852 கிலோமீற்றர் என்பதால், திணைக்களம் சொல்லும் 40 கிலோமீற்றர் ஏறத்தாழ 21.6 நொட் ஆகும்.

செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது மாதிரிகளை, அதாவது வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கீடுகளை, ஒப்பிடும் பகுதி. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி உலகத்தை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் கட்டங்களாகவும், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் 13 கிலோமீற்றர் கட்டங்களாகவும் பிரித்துக் கணிக்கின்றன. இரண்டும் ஒத்துப்போனால் நான் பையைக் கட்டுகிறேன். ஒன்று 18 நொட்டும் மற்றொன்று 11 நொட்டும் காட்டினால் வீட்டு வேலையைப் பார்க்கிறேன். ஆனால், திருகோணமலை நகருக்கு வடக்கே உள்ள உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையிலுள்ள தூரம் முழுவதும் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் என்பதையும், அந்தக் கட்டத்தில் பாதி நிலமாகவும் பாதி கடலாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. சுவாமி மலையின் மறைவும், கரையோரப் பனைகளும், விடுதிக் கட்டடங்களும் அந்தக் கணக்கில் இல்லை. மேலும், காட்டப்படும் வேகம் 10 மீற்றர் உயரத்துக்கானது. நம்முடைய பட்டமோ இருபது மீற்றருக்கு மேல் நீண்ட கயிற்றில் பறக்கிறது.

செயலி காட்டும் காற்றின் அம்புக்குறியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நானே அடிபட்டேன். காற்றுக்குப் பெயர் அது வரும் திசையைக் கொண்டு வைக்கப்படுகிறது; அம்பு அது போகும் திசையைக் காட்டுகிறது. 225 பாகை என்றால் தென்மேற்கிலிருந்து வருகிறது, அம்போ வடகிழக்கை நோக்கி நிற்கும். முதல் வருட ஆடி மாதத்தில் ஒரு நாள், 20 நொட் என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு உப்புவெளியில் இறங்கினேன். கரையில் கடல் தட்டைப்போலக் கிடந்தது, மரங்களின் மறைவில் பட்டம் தூங்கி வழிந்தது. இருநூறு மீற்றர் தாண்டியதும் காற்று ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. பட்டம் கடலில் விழுந்த பிறகு கரை தூரமாகிக்கொண்டே போனது. மீன்பிடிக்கப் போய்த் திரும்பிய ஒரு பைபர் போட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். போட்டிலிருந்த முதியவர் திட்டவில்லை. "தம்பி, இது கச்சான். கரையில நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து முதலில் திசை, பிறகுதான் வேகம். உப்புவெளிக் கரைக்கு வடக்கிலிருந்து கிழக்கு வழியாகத் தென்கிழக்கு வரையான காற்று ஏற்றது. மற்ற நாட்களில் மீட்புப் படகு இல்லாமல் நான் இறங்குவதில்லை.

வேகத்தைப் பார்க்கும்போது சராசரியோடு, திடீரென வலுத்து அடங்கும் வீச்சுக்காற்றின் வரிசையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 15 நொட்டிலிருந்து 21 நொட்டுக்கு ஏறும் ஒரு வீச்சு பட்டத்தின் இழுவையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும். நிலத்தைக் கடந்து வரும் கச்சானில் இந்த ஏற்ற இறக்கம் செயலி காட்டுவதைவிடக் கூடுதலாக இருப்பதே என் அனுபவம்.

எப்போது பார்ப்பது என்பதிலும் கணக்கு உண்டு. ஜிஎஃப்எஸ் நாளொன்றுக்கு நான்கு முறை, நம் நேரப்படி காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 மணிக்கு ஓடுகிறது. முடிவுகள் வெளிவரச் சில மணித்தியாலங்கள் ஆகும். எனவே காலை ஆறு மணிக்குத் தேநீரோடு பார்ப்பது முந்தைய இரவின் கணிப்பு. பிற்பகல் இறங்குவதானால் பத்தரை மணிக்குப் பிறகு மீண்டும் பார்ப்பது நல்லது.

கச்சான் தளர்ந்த நாட்களில் மதியத்துக்குப் பின் கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்புவது உண்டு. திருகோணமலையில் எனக்குக் கிடைத்த இனிமையான பிற்பகல்கள் அவைதான். அவற்றில் பலவற்றைச் செயலி முன்கூட்டிச் சொல்லவில்லை, அல்லது இரண்டு மணித்தியாலம் பிந்திச் சொன்னது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் வாடைக் காலத்தில் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, ஆனால் அப்போது அலையும் மழையும் வேறு தொல்லை.

இலவசப் பதிப்பு மூன்று மணித்தியால இடைவெளியில் காட்டுகிறது. கட்டணம் செலுத்தினால் மணித்தியாலவாரியாகக் கிடைக்கும். கடற்காற்றைத் துரத்துகிறவருக்கு அந்தப் பணம் ஓரளவு பயன்படும். மற்றவர்களுக்கு இலவசப் பதிப்பும், திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவிப்பில் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகச் செல்லும் அந்த ஒரு வரியும் போதும். ஐந்துக்கு நான்கு புள்ளிகள் தருகிறேன். குறைத்த ஒரு புள்ளி அந்தப் பிற்பகல்களுக்காக.