வாலிடன்ஸா, ஃபஸியா, ஃபாக்ஸ்ஃபேஸா? வீட்டுத் தொட்டிக்கு எந்த விஷமுள் மீன்?

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் பலருக்கும் என்றாவது ஒரு நாள் லயன்ஃபிஷ் மீது ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. வாங்குவதற்கு முன்னால் நான்கு மீன்களை வைத்து அலசினேன்: பெரிய லயன்ஃபிஷான வாலிடன்ஸ், ஃபஸி என்று கடைகளில் சொல்லும் குட்டை லயன்ஃபிஷ், மஞ்சள் நிற ஃபாக்ஸ்ஃபேஸ், கோடு போட்ட கடல் கெளுத்தி. நான்கின் முள்ளிலும் விஷம் உண்டு. கடைசியில் ஃபஸியை வாங்கினேன், இன்றும் அதைத்தான் வளர்க்கிறேன். இந்த அலசல் அதன் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோன்ஃபிஷ் எனும் கல்மீனுக்கும் விஷமுள் உண்டு, ஆனால் அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதன் குத்துக்கென்று ஆஸ்திரேலியாவில் 1959 முதல் விஷமுறிவு மருந்தே தயாரிக்கிறார்கள் என்றால் அதன் கடுமை விளங்கும். அந்த மருந்தை நம் பகுதி மருத்துவமனையில் எதிர்பார்க்க முடியாது. அதைவிட முக்கியம், அது நிஜமாகவே கல்லைப் போல அசையாமல் கிடக்கும். கல் எது, மீன் எது என்று தெரியாத தொட்டிக்குள் கையை விடுவது வீட்டில் செய்கிற காரியம் இல்லை.

அழகைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. துடுப்புகளை விரித்துக்கொண்டு மிதக்கும் வாலிடன்ஸுக்கு முன்னால் மற்ற மூன்றும் ஒரு படி கீழேதான். விலையும் பெரிய விஷயம் இல்லை. சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலேயே கடைக்குக் கடை மாறும், எப்படியும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும் உப்புக்கும் ஆகும் செலவுக்கு முன்னால் மீன் விலை சின்னதுதான். தண்ணீர் நால்வருக்கும் ஏறக்குறைய ஒன்றே: 25 முதல் 27 டிகிரி வெப்பம், 1.023 முதல் 1.025 வரை ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, உப்பின் அளவைக் காட்டும்). சென்னை வெயிலில் சில்லர் இல்லாமல் இந்த வெப்பநிலை நிற்காது.

லயன்ஃபிஷ்ஷின் விஷம் எங்கே இருக்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். விசிறி போல விரியும் மார்புத் துடுப்புகளில் விஷம் இல்லை. முதுகில் 13 முட்கள், வயிற்றுத் துடுப்புகளில் ஆளுக்கொன்றாக 2, மலவாய்த் துடுப்பில் 3 என்று வாலிடன்ஸுக்கு மொத்தம் 18 விஷமுட்கள். ஒவ்வொரு முள்ளின் இரு பக்கமும் ஓடும் பள்ளத்தில் விஷத் திசு இருக்கிறது, அதன்மேல் மெல்லிய தோல் உறை. முள் சதைக்குள் இறங்கும்போது உறை பின்னுக்குத் தள்ளப்பட்டு விஷம் காயத்தில் கலக்கிறது. பாம்பைப் போல இந்த மீன் விஷத்தைப் பீய்ச்சுவதில்லை, இரை பிடிக்கவும் முள்ளைப் பயன்படுத்துவதில்லை. முள் தற்காப்புக்கு மட்டுமே. ஆகவே உங்கள் கையும் அந்த முள்ளும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் குத்து.

என் முடிவை நிர்ணயித்ததும் இதுதான். எந்த மீனின் விஷம் கடுமையானது என்று கேட்பதை விட்டுவிட்டேன். தொட்டிக்குள் என் கை இருக்கும்போது அந்த மீன் எங்கே இருக்கும், அது எனக்குத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடல்நீர்த் தொட்டியில் கை விடாமல் ஒரு வாரத்தைக்கூட ஓட்ட முடியாது. கண்ணாடியில் படியும் பாசியை வழிக்க வேண்டும், பம்ப்பைக் கழற்றிக் கழுவ வேண்டும், சரிந்த கல்லைத் தூக்கி நிறுத்த வேண்டும், தண்ணீர் மாற்றும்போது மணலில் தங்கிய கழிவைக் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். வளர்ப்பவருக்குக் குத்து விழ வாய்ப்பு அதிகம் உள்ள நேரமும் இந்த வேலை நேரம்தான்.

வாலிடன்ஸை இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். அது சுறுசுறுப்பாகக் கற்றுக்கொள்ளும் மீன். மனிதர் வந்தால் சாப்பாடு வரும் என்று சீக்கிரமே பழகிவிடும். நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். மூடியைத் திறந்ததும் தொட்டியின் மறுமுனையிலிருந்து நேராக நீர்மட்டத்துக்கு வந்து, அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமெல்லாம் தானும் திரும்பியது. கோபமோ பயமோ இல்லை, பசி. அவர் கண்ணாடி வழிக்கும்போது அவருடைய மனைவி பக்கத்தில் நின்று, மீனுக்கும் அவர் கைக்கும் நடுவே ஓர் அக்ரிலிக் தகட்டைப் பிடித்துக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் வேண்டும். பழகப் பழக மற்ற மீன்களிடம் நமக்குத் தைரியம் கூடும், வாலிடன்ஸிடம் பழகப் பழக எச்சரிக்கையைக் கூட்ட வேண்டும்.

அளவும் இதே சிக்கலைப் பெரிதாக்குகிறது. உள்ளங்கை அகலத்தில் வாங்கும் குஞ்சு 35 சென்டிமீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. அதற்கு 450 லிட்டராவது வேண்டும். அவ்வளவு ஆழமான தொட்டியில் அடிமணலைத் தொட வேண்டுமென்றால் தோள்வரை கை உள்ளே போகும், முகம் மூடியோடு ஒட்டிவிடும், அந்த நிலையில் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. வளர்ந்த பிறகு கொடுத்துவிடலாம் என்றால் கடைக்காரர்கள் அவ்வளவு பெரிய மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். கடலில் விட்டுவிடுவது பற்றி நினைக்கவே வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் 1985இல் முதன்முதலாகத் தென்பட்ட லயன்ஃபிஷ் இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது. தொட்டியிலிருந்து வெளியே விடப்பட்ட மீன்களே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. மன்னார் வளைகுடா லயன்ஃபிஷ்ஷுக்குச் சொந்த வீடுதான் என்றாலும், தொட்டியில் வாழ்ந்த மீன் தன்னோடு நோயையும் சுமந்து போகலாம்.

ஃபாக்ஸ்ஃபேஸை முன்பு நானே வளர்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடியும். ராமேசுவரம், மண்டபம் பக்கம் வலையில் விழும் ஓரா மீனின் குடும்பம்தான் இது. ஓராவைக் கையாளுபவர்களைக் கேட்டால் அந்த முள்ளின் வலியைச் சொல்வார்கள். குணத்தில் சாது, பாசி தின்னும், தொட்டியில் உள்ள மற்ற மீன்களைத் தொடாது. கல்லில் குமிழ்ப்பாசி கிளம்பியிருந்தால் இதைவிட நல்ல வேலைக்காரன் கிடைக்காது. விஷமுள் இல்லாவிட்டால் எல்லாருக்கும் பரிந்துரைப்பேன். இதன் சிக்கல் பயம். அறையில் ஒரு நிழல் ஓடினால் போதும், எலுமிச்சை மஞ்சளாக இருந்த உடம்பு பழுப்புத் திட்டுகளாக மாறும், முதுகு முட்கள் அத்தனையும் விறைத்து நிற்கும், அடுத்த நொடி கல்லிடுக்கில் செருகிக்கொள்ளும். எந்த இடுக்கு என்பது நமக்குத் தெரியாது. அந்தக் கல்லைத்தான் தூக்க வேண்டியிருக்கும். வாலிடன்ஸ் கையைத் தேடி வருகிறது, ஃபாக்ஸ்ஃபேஸ் கை போகிற இடத்தில் போய் ஒளிகிறது. இரண்டும் ஒரே முடிவுக்குத்தான் இட்டுச் செல்லும்.

தொட்டி மாற்றும்போது இன்னொன்று தெரிந்தது. விஷமுள் மீன் எதையும் வலையில் பிடிக்கவே கூடாது. முட்கள் வலைக் கண்ணிகளில் மாட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்கப் போகும் விரலில்தான் குத்து விழும். வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து வைத்து, நீளக் குச்சியால் மெதுவாக உள்ளே ஓட்டி, தண்ணீரோடு தூக்குவதே வழி.

கடல் கெளுத்தியை நான் வளர்த்ததில்லை, கடைத் தொட்டியில் நின்று பார்த்ததோடு சரி. குஞ்சுகள் ஒரே பந்தாகத் திரண்டு மணலில் உருளும் காட்சி மனத்தை அள்ளும். ஆனால் அது கூட்டத்தில் வாழும் மீன். ஒன்றை மட்டும் வாங்குவது அதற்குச் செய்யும் கொடுமை. ஐந்தாறு வாங்கினால் ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் வரை வளரும், முதுகில் ஒன்று, மார்புத் துடுப்புகளில் இரண்டு என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷமுட்கள், பகலெல்லாம் கல்லடியில் பதுங்கும் வழக்கம். கை விடும் கணக்கில் பார்த்தால் நான்கிலும் மோசமானது இதுதான் என்று தோன்றுகிறது.

ஃபஸிக்கு வருவோம். முழுதாக வளர்ந்தாலும் 17 சென்டிமீட்டருக்குள்தான். 110 லிட்டரிலும் வைத்திருக்கலாம் என்பார்கள், நான் 200 லிட்டர் கொடுத்திருக்கிறேன், அதற்குக் கீழே போகச் சொல்ல மாட்டேன். ஆழம் குறைந்த தொட்டி என்பதால் முழங்கைக்குச் சற்று மேல்வரை நனைந்தாலே அடிமணலைத் தொட்டுவிடலாம், முகம் வெளியே, கண் மீன்மேல்.

எல்லாவற்றையும்விட, ஃபஸி தன் இடத்தை விட்டு அதிகம் நகராது. என்னுடையதற்கு இரண்டு இடங்கள்தான்: கல்வளைவின் கீழே தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பம்ப்புக்குக் கீழே மணலில் உட்கார்ந்திருக்கும். வயிற்றுத் துடுப்புகளை ஊன்றித் தத்தித் தத்தி நடக்குமே தவிர, பாய்ந்து ஓடாது. தொட்டியின் இடது பக்கம் வேலை செய்தால் வலது பக்கத்திலிருந்து கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கும். விளக்கை முழுதாகப் போட்டு, மீன் எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகே கையை விடுகிறேன். பார்வைக்குக் கிடைக்கவில்லையென்றால் அன்று வேலை கிடையாது. ஃபாக்ஸ்ஃபேஸ் இருந்தபோது இந்த விதியைக் கடைப்பிடித்திருந்தால் தொட்டியைச் சுத்தம் செய்திருக்கவே முடியாது, ஃபஸியோடு அது நடைமுறையில் சாத்தியமாகிறது.

கையை விடும் தேவையையும் குறைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக்குக் காந்தத் துடைப்பான், விழுந்ததை எடுக்க நீள இடுக்கி. சாதாரண ரப்பர் கையுறையை முள் துளைத்துவிடும், அதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். மின்வெட்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். இரவில் பம்ப் நின்று, டார்ச் வெளிச்சத்தில், மீனுக்கு மூச்சு முட்டுமே என்ற பதற்றத்தில் தண்ணீருக்குள் கையை விடுவதைவிட ஆபத்தான நேரம் வேறில்லை. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்பைத் தொட்டிக்கு வெளியே பொருத்தி, குழாயை மட்டும் எப்போதும் உள்ளே விட்டுவைத்தால் அந்த நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் போதும்.

ஃபஸியின் குறையையும் சொல்ல வேண்டும்: சாப்பாடு. வாலிடன்ஸ் சில நாட்களில் செத்த இறாலுக்குப் பழகிவிடும், ஃபஸி பிடிவாதக்காரன். தொடக்கத்தில் உயிரோடு நகர்வதைத்தான் தொடும். கடைக்காரர்கள் தங்கமீன் குஞ்சுகளைப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தங்கமீனில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, நன்னீர் மீனின் கொழுப்பும் கடல் மீனுக்கு ஒத்துவராது. மெல்ல மெல்ல உப்புநீருக்குப் பழக்கிய மாலி என்ற சின்ன மீனின் குஞ்சுகளும் சின்ன உயிர் இறாலும் பரவாயில்லை, அதுவும் பழகும்வரைதான். பிறகு மீன்கடை இறாலை ஓடு நீக்கி, வாயகலத்துக்கு நறுக்கி, கண்ணாடி போலத் தெளிவான குச்சியின் நுனியில் செருகி, பம்ப்பின் ஓட்டத்தில் ஆட விடுங்கள். பொறுமை வேண்டும், நாட்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு நாள் தலையைத் தாழ்த்தும், முதுகின் முதல் முட்கள் லேசாக முன்னே சாயும், மார்புத் துடுப்புகள் இரண்டும் விரிந்து இறாலைச் சுற்றி வேலி கட்டும், உடம்பில் ஒரு நடுக்கம் ஓடும். பிறகு குச்சி நுனியில் இறால் இருக்காது. வாய் திறந்ததை நம் கண் பார்த்திருக்காது.

பழகிய பிறகு வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு, மூன்று முறை போதும். இறால், கணவாய், மீன்துண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். தினமும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், ஆனால் ஈரல் கொழுத்துச் சாகும், தண்ணீரும் கெடும். கூட வைக்கும் மீன்கள் அதன் வாய்க்குள் போகாத அளவில் இருக்க வேண்டும். இரண்டு ஆண்களைச் சேர்த்து வைத்தால் சண்டை வரும். பகலில் சற்று ஒதுங்கியே இருக்கும், விருந்தினரை வியக்க வைக்க வேண்டுமென்பவர்களுக்கு வாலிடன்ஸ்தான் சரி.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் குத்து விழலாம். எனக்கு இதுவரை விழவில்லை, ஆகவே வலியை அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. மோதிரம், கடிகாரத்தை உடனே கழற்றுங்கள், வீக்கம் வேகமாக வரும். இந்த விஷம் புரதம், வெப்பத்தில் சிதையும். 45 டிகிரி வெந்நீரில் குத்துப்பட்ட கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை அமிழ்த்தி வைக்க வேண்டும், ஆறினால் மாற்ற வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையாலோ வீட்டில் வேறொருவரை விட்டோ பாருங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் வெந்துவிடும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம் என்பதால் மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வெந்நீருக்குக்கூடக் காத்திருக்காமல் கிளம்புங்கள். எங்கள் வீட்டில் கெட்டிலும் வெப்பமானியும் தொட்டிக்கு அருகிலேயே இருக்கின்றன, அம்மாவுக்கும் இந்த வரிசை மனப்பாடம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தொட்டி மூடிக்குப் பூட்டு போடாமல் இந்த நான்கில் எதையும் வாங்காதீர்கள்.

ஃபஸிதான் என்று முடிவெடுத்தால், பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் அதற்கு உங்கள் கண்முன்னே ஒரு வாய் இறால் கொடுக்கச் சொல்லுங்கள். செத்த இறாலைத் தொட்டதென்றால் பாதிச் சிரமம் அவரே பட்டுவிட்டார், விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கலாம். தொடவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.