திருமயம் செல்ல வண்டி பேசுவோர் கவனத்துக்கு

திருமயம் கோட்டை, அடிவாரத்துக் குடைவரைக் கோயில்கள் இரண்டு, விளக்கம் சொல்ல ஒரு வழிகாட்டி, எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று பேசி முன்பணமும் வாங்கிக்கொண்ட காரைக்குடி வாடகை வண்டிக்காரர் ஒருவர், மலேசியாவிலிருந்து வந்திருந்த என் அக்காள் குடும்பத்தாரையும் எங்கள் அம்மாவையும் அலைக்கழித்த விதத்தை, இனி செட்டிநாட்டுக்கு வருவோர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன்.

காலையிலேயே புறப்பட்டும், கேட்காமலே எங்களை ஒரு பழம்பொருள் கடையிலும், பிறகு ஒரு புடவைக் கடையிலும் இறக்கிவிட்டார்கள். நடை சாத்திவிடுவார்களே என்று அம்மா பதறியபோது, "நேரம் கெடக்கு ஆச்சி, கவலைப்படாதீங்க" என்றார் ஓட்டுநர். அக்காள் ஓர் எனாமல் தூக்குவாளிக்குப் பணம் கொடுத்த கையோடு, கடைக்காரர் கல்லாவிலிருந்து நூறு ரூபாய் நோட்டுகள் இரண்டை நான்காக மடித்து ஓட்டுநரின் சட்டைப்பைக்குள் செருகியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தாமதத்தின் காரணம் அப்போதுதான் விளங்கியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரு கோயில்களும் நடை சாத்தியிருந்தன. அம்மா அந்த வெயிலில் வந்ததே பெருமாளைச் சேவிக்கத்தான். ஒரே பாறையில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அடுத்தடுத்து இருக்கும் ஊர் அது. குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளின் அருகே ஆதிசேடன் நஞ்சு உமிழ, மது, கைடபன் என்னும் அசுரர்கள் வெருண்டோடும் காட்சியைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சிவன் கோயில் பக்கத்தில் பழைய இசைக் கல்வெட்டின் எச்சமும், இரு கோயிலாருக்குமான வழக்கை 1245-ஆம் ஆண்டில் தீர்த்துவைத்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டும் உள்ளன. இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவிடாமல், "கோயில்ல என்ன இருக்கு, கோட்டைதான் விசேஷம்" என்று வழிகாட்டி எங்களை மேலே கூட்டிப்போனார்.

அவர் சொன்ன விளக்கமும் பொய். கோட்டையைக் கட்டியவர் கட்டபொம்மன் என்று பிள்ளைகளிடம் அழுத்தமாகச் சொன்னார். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை அது. கட்டபொம்மன் பிறந்ததோ 1760-இல். அவர் தம்பி ஊமைத்துரையின் நினைவாக மக்கள் ஊமையன் கோட்டை என்று வழங்குவது உண்மைதான், ஆனால் அது கட்டியவர் யார் என்பதற்குச் சான்றாகாது. முன்பு ஏழு சுற்று மதில்கள் இருந்த இடத்தில் இன்று நிற்பவை எவை என்று அத்தான் கேட்டதற்கு, அவரிடம் பதிலே இல்லை.

பண விவகாரம் இதைவிட மோசம். நுழைவுச்சீட்டு தாமே வாங்கித் தருவதாகச் சொல்லி, பிள்ளைகளுக்கும் சேர்த்து வசூலித்தார். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலுள்ள நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது. பாறையின் நடுவே குடைந்த சிவலிங்க அறைக்கு இரும்பு ஏணியில் ஏறுவதற்குத் தலைக்கு ஐம்பது ரூபாய் என்றார்; ரசீது கேட்டதும் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் தொகையை மட்டும் எழுதி நீட்டினார். முத்திரை இல்லை, பெயரும் இல்லை. அதைக் காட்டி முன்பணத்தில் பாதியையாவது திருப்பித் தரச் சொன்னபோது, அதை வாங்கிய வண்டிக்காரர், வழிகாட்டி தம் ஆள் இல்லை என்று கைவிரித்துவிட்டார். பேசும்போது 'நம்ம ஆளு' என்று சொன்னவரும் இவரேதான்.

ஆகவே, திருமயத்துக்குக் காலை எட்டு மணிவாக்கில் நேரே போய்விடுங்கள். முதலில் கோயில்கள், பிறகு கோட்டை என்று ஓட்டுநரிடம் புறப்படுமுன்பே கறாராகச் சொல்லிவிடுங்கள். நுழைவுச்சீட்டை வாயிலில் நீங்களே வரிசையில் நின்று வாங்குங்கள். கடைக்குப் போக விரும்பினால் திரும்பும் வழியில் போகலாம். காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடும் பேருந்துகள் திருமயம் வழியாகவே செல்கின்றன. முதியவர்கள் இல்லாத குடும்பத்துக்கு வண்டியே தேவையில்லை.