மோட்டார் ஹோமின் பின்னே ஒரு ஹைபிரிட் கார்: ஃபோர்டு ஃபியூஷனுடன் எங்கள் நீண்டகால அனுபவம்

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என்னும் நடமாடும் வீட்டு வண்டி வைத்திருப்பவர்களில் பலர் அதன் பின்னால் ஒரு சிறிய காரையும் கட்டி இழுத்துச் செல்கிறார்கள். 33 அடி நீள வண்டியை முகாமில் நிறுத்தி, மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் இணைத்து முடித்த பிறகு, பால் வாங்குவதற்காக அத்தனையையும் கழற்றி மீண்டும் கிளம்புவது நடக்கிற காரியமன்று. தேசியப் பூங்காக்களுக்குள் போனால் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. மான்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் உள்ள 'கோயிங் டு த சன்' சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. கார் இல்லாமல் போனால் அந்தப் பூங்காவின் இதயப்பகுதியைச் சொந்த வண்டியில் பார்க்க இயலாது.

காரைக் கொண்டுபோக மூன்று வழிகள் உண்டு. முழுக் காரையும் ஒரு டிரெய்லரில் ஏற்றிச் செல்லலாம். முன் சக்கரங்களை மட்டும் டாலி என்னும் இருசக்கரத் தாங்கியில் ஏற்றலாம். அல்லது நான்கு சக்கரங்களும் தரையில் உருள, டோ பார் என்னும் இரும்புச் சட்டத்தால் பிணைத்து நேரடியாக இழுக்கலாம். டிரெய்லரையும் டாலியையும் முகாமில் எங்கே நிறுத்துவது என்பது தினசரித் தலைவலி. நானும் என் மனைவியும் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதல் காரணம். பழகிய இருவர் பத்து நிமிடத்தில் காரைப் பூட்டவும் கழற்றவும் முடியும் என்பது இரண்டாவது காரணம்.

ஆனால் எல்லாக் கார்களையும் இப்படி இழுக்க முடியாது. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் கொண்ட ஹைபிரிட் கார்களில் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். டொயோட்டா பிரியஸில் முன் சக்கரங்களோடு ஒரு மின்மோட்டார் பற்சக்கரங்கள் வழியாக எப்போதும் இணைந்தே இருக்கிறது; இடையில் கிளட்ச் கிடையாது. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழலும். அதிலுள்ள நிலைக்காந்தங்கள் மின்னழுத்தத்தை உண்டாக்கும். எஞ்சின் ஓடாத நிலையில் கியர்பாக்ஸுக்குள் போதிய எண்ணெய்ச் சுற்றும் இருக்காது. ஆகவே முன் சக்கரங்கள் தரையில் உருளும்படி அதை இழுக்கவே கூடாது என்று அந்தக் காரின் கையேடு திட்டவட்டமாகத் தடை செய்கிறது. ஃபோர்டு நிறுவனத்தின் ஹைபிரிட்களும் ஏறக்குறைய அதே தத்துவத்தில் இயங்குபவைதாம். இருந்தும் 2005ஆம் ஆண்டு மாடலாக வந்த முதல் எஸ்கேப் ஹைபிரிட் தொடங்கி, ஃபியூஷன், சி மேக்ஸ், லிங்கன் எம்கேஇசட் ஆகியவற்றின் ஹைபிரிட் வகைகளையும், அண்மைக் காலத்து மேவரிக் ஹைபிரிட்டையும் சில நிபந்தனைகளோடு நான்கு சக்கரத்தில் இழுக்க அந்நிறுவனம் அனுமதித்திருக்கிறது. தத்துவத்தைப் பார்த்து நாமே ஊகித்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. குறிப்பிட்ட மாடல், குறிப்பிட்ட ஆண்டு, அந்த ஆண்டின் கையேடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். ஹைபிரிட் அல்லாத கார்களிலும் இதே நிலைதான்: ஒரு காலத்தில் மோட்டார் ஹோம்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த ஹோண்டா சிஆர்வி, 2015ஆம் ஆண்டு மாடலில் சிவிடி என்னும், படிநிலைகள் இல்லாமல் தொடர்ச்சியாக விகிதம் மாறும் கியர்பாக்ஸுக்கு மாறியதும் இந்தத் தகுதியை இழந்தது.

எங்களிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு ஃபியூஷன் ஹைபிரிட். 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் 1.4 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள லித்தியம் அயான் பேட்டரியும் கொண்டது. எடை சுமார் 3,600 பவுண்டு. எங்கள் மோட்டார் ஹோம் ஃபோர்டு எஃப் 53 சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்டது. அதன் முழுச்சுமை வரம்பு 22,000 பவுண்டு. காரையும் சேர்த்த கூட்டு எடை வரம்பு 26,000 பவுண்டு. கழித்துப் பார்த்தால் மோட்டார் ஹோம் முழுச்சுமையில் இருக்கும்போது காருக்கு மிஞ்சுவது 4,000 பவுண்டு மட்டுமே. பின்புறக் கொக்கியில் 5,000 பவுண்டு என்று பொறித்திருப்பதைப் பார்த்து அந்த அளவுக்குக் காரைத் தேடுபவர்கள் இந்தக் கழித்தலைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். ஃபியூஷன் எங்களுக்குப் பொருந்தியதற்கு அதன் எடை ஒரு முக்கியக் காரணம். ஹைபிரிட் பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இதன் டிக்கி சாதாரண ஃபியூஷனைவிடச் சிறியது. மூட்டை முடிச்செல்லாம் மோட்டார் ஹோமிலேயே இருப்பதால் அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

பூட்டும் சாதனங்களைப் பொறுத்தவரை, காரின் முன்புறச் சட்டத்தில் பேஸ் பிளேட் என்னும் இரும்புத் தாங்கியைப் பொருத்த வேண்டும். அதற்கு முன் பம்பர் உறையை முழுவதும் கழற்ற வேண்டியிருக்கிறது. இந்தக் காரில் கிரில்லுக்குப் பின்னால் தானே திறந்து மூடும் காற்றுத் தடுப்புகள் இருக்கின்றன. பேஸ் பிளேட் பொருத்திய பிறகு அவை தடையின்றி அசைகின்றனவா என்று பொருத்துபவரிடம் கேட்டு, கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். புளூ ஆக்ஸ், ரோட்மாஸ்டர், டெம்கோ ஆகிய நிறுவனங்களின் சாதனங்களே இங்கு பரவலாகப் புழங்குகின்றன. டோ பார் கூடியவரை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மோட்டார் ஹோம் கொக்கிக்கும் காரின் தாங்கிக்கும் இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் உயர வேறுபாடு இருந்தால் அதைச் சமன்செய்யும் இறக்கக் கொக்கி ஒன்று தேவைப்படும். பாதுகாப்புக் கம்பிகள், பின்விளக்கு இணைப்பு, கார் அறுந்து பிரிந்தால் தானே பிரேக் பிடிக்கச் செய்யும் சுவிட்ச் ஆகிய மூன்றும் கட்டாயம்.

பிரேக் விஷயத்தில் ஹைபிரிட் கார் மற்றவற்றிலிருந்து வேறுபடுவதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட எதை இழுத்தாலும் அதற்குத் தனி பிரேக் வேண்டும் என்று பல மாநிலங்கள் விதித்துள்ளன. விதி இல்லாவிட்டாலும் மலை இறக்கத்தில் அது இல்லாமல் போவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சாதாரணக் காரில் எஞ்சின் ஓடாதபோது பிரேக் மிதி கல் போல இறுகிவிடும். ஆகவே ஓட்டுநர் இருக்கையின் முன் வைக்கும் பெட்டி வகை பிரேக் கருவிகள் அதிக விசையோடு மிதிக்கும்படி அமைக்கப்படுகின்றன. ஹைபிரிட்டிலோ பிரேக் உதவி எஞ்சினின் வெற்றிடத்தை நம்பியில்லாமல் மின்சாரத்தால் இயங்குகிறது. கார் விழித்திருக்கும் நிலையில் மிதி மென்மையாகவே இருக்கும். அதே அதிக விசையை இங்கே கொடுத்தால் கார் சக்கரங்கள் இறுகி, தரையில் தேய்ந்து, டயர்கள் ஒரே இடத்தில் வழித்தெடுக்கப்பட்டுவிடும். விசையைக் குறைத்து அமைக்கும் வசதியுள்ள, ஹைபிரிட்டுக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளரே சொல்லும் கருவியை மட்டுமே வாங்க வேண்டும். மேலும், நியூட்ரலில் இழுக்கும்போது மின்மோட்டார் வழியிலான பிரேக் வேலை செய்யாது. முழுச் சுமையும் பிரேக் பேடுகள் மீதே விழுகிறது. ஹைபிரிட் காரின் பேடுகள் தேயவே தேயா என்ற பொதுவான எண்ணம், இழுக்கப்படும் காருக்குப் பொருந்தாது.

இந்த ஏற்பாடு முழுவதிலும் மிகப் பலவீனமான கண்ணி எது என்று கேட்டால், விலை உயர்ந்த ஹைபிரிட் பேட்டரியை நான் சொல்லமாட்டேன்; டிக்கியில் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரியைத்தான் சொல்வேன். ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுழற்றும் வேலை இதற்கு இல்லை; கணினிகளை எழுப்புவதும், உயர் அழுத்த பேட்டரியின் இணைப்பை மூடுவதும்தான் இதன் பணி. சிறிய பணிதான்; ஆனால் இது இறங்கிவிட்டால், பின்னிருக்கைக்குப் பின்னால் எவ்வளவு மின்சாரம் நிறைந்திருந்தாலும் கார் எழாது. இழுக்கும்போது ஸ்டியரிங் பூட்டு விடுபட்டு முன் சக்கரங்கள் தாமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக இக்னிஷன், எஞ்சின் ஓடாமல் சில மின்சாதனங்கள் மட்டும் இயங்கும் ஆக்சஸரி நிலையில் இருக்கிறது. பிரேக் கருவியும் அதே பேட்டரியிலிருந்துதான் பெரும்பாலும் மின்சாரம் எடுக்கிறது. அதே நேரம் அதை நிரப்ப எதுவும் இல்லை. ஹைபிரிட்டில் ஆல்டர்னேட்டர் கிடையாது. உயர் அழுத்த பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இறக்கித் தரும் மாற்றி, கார் முழுமையாக இயங்கும்போது மட்டுமே வேலை செய்யும். நாள் முழுதும் இழுத்தால் மாலையில் அழுத்தம் கணிசமாக இறங்கியிருப்பதை வோல்ட் மீட்டரில் தெளிவாகப் பார்க்கலாம்.

இதற்குத் தீர்வு எளிது, ஆனால் கட்டாயமானது. மோட்டார் ஹோமின் ஆல்டர்னேட்டரிலிருந்து, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு சாதனம் வழியாக, இணைப்புக் கேபிளின் ஒரு கம்பியில் காரின் 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் கொண்டுபோக வேண்டும். எங்கள் காரில் பேட்டரி டிக்கியில் இருப்பதால் கம்பியைக் காரின் முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டியிருந்தது. இரு முனைகளிலும் ஃபியூஸ் போடச் சொன்னோம். அதன் பிறகு மாலையிலும் பேட்டரி காலையில் இருந்தபடியே இருக்கிறது. நாங்கள் வாழும் அரிசோனாவின் வெயிலில் 12 வோல்ட் பேட்டரிகளுக்கு ஆயுள் குறைவு. அது முழுவதும் செத்துப் போகும் வரை காத்திராமல், சோதனையில் பலவீனம் தெரிந்த உடனே மாற்றிவிடுகிறோம். காரணமே இல்லாததுபோல் எச்சரிக்கை விளக்குகள் அடுத்தடுத்து எரிந்தால் முதலில் சோதிக்க வேண்டியதும் இந்தப் பேட்டரியைத்தான்.

நடைமுறையில், காலையில் பூட்டியதும் காரை இயக்கிச் சிறிது நேரம் ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை விடுவித்து, இக்னிஷனைக் கையேடு சொல்லும் நிலைக்குக் கொண்டுவருகிறோம். மீண்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, கையேட்டில் உள்ளபடி காரை இயக்குகிறோம். அப்போது கியர்பாக்ஸின் உட்பாகங்களுக்கு எண்ணெய் மீண்டும் சென்று சேர்கிறது. 2017ஆம் ஆண்டு மாடலிலிருந்து கியர் தண்டுக்குப் பதிலாகத் திருகும் குமிழ் வந்துவிட்டது. அவற்றில் காரை நியூட்ரலிலேயே நிறுத்திவைக்கத் தனி முறை உண்டு. ஆகவே என் காரின் வரிசையை வேறு ஆண்டுக் காருக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது. கிளம்பிய பின் மெதுவாகச் சில அடிகள் முன்னகர்ந்து, டோ பாரின் இரு கைகளும் பூட்டிக்கொண்டனவா, காரின் சக்கரங்கள் சுழல்கின்றனவா, ஸ்டியரிங் திரும்புகிறதா என்று ஒருவர் வெளியே நின்று பார்ப்பதை நாங்கள் எந்த நாளும் விட்டுவிடுவதில்லை.

இழுக்கும்போது ஹைபிரிட் பேட்டரி தானாக நிரம்பிவிடுமே என்று பலரும் ஆவலோடு கேட்கிறார்கள். நிரம்பாது. நியூட்ரலில் மோட்டார் சுழன்றாலும் அதிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுவதில்லை. எடுக்க முடிந்தாலும் அது இலவசம் அன்று. ஒரு காலனுக்கு எட்டு மைல் ஓடும் மோட்டார் ஹோமின் பெட்ரோலை எரித்து, நாற்பது மைல் ஓடும் காருக்கு மின்சாரம் தயாரிப்பதாகவே அது முடியும்.

சாலையில் கார் பின்னால் வருவதே பெரும்பாலும் தெரிவதில்லை, அதுதான் ஆபத்தும். காரின் டயர் காற்றிழந்தாலும் ஓட்டுநருக்கு உணர்த்த ஒன்றும் இல்லை. நான்கு டயர்களுக்கும் அழுத்த உணரிகளும், எப்போதும் இயங்கும் பின்புறக் கேமராவும் எங்கள் பார்வையில் ஆடம்பரமல்ல. காரைப் பூட்டியபடி பின்னோக்கி எடுக்கவே கூடாது. முன் சக்கரங்கள் கோணலாகத் திரும்பி டோ பார் வளைந்துவிடும். ஆகையால் பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல். அந்த வேகம்தான் எல்லா மாநிலங்களிலும் டயருக்கும் பெட்ரோலுக்கும் நல்லது என்பது எங்கள் அனுபவம்.

இத்தனைக்கும் கைம்மாறாக ஹைபிரிட் தருவது, சேருமிடத்தில் கிடைக்கிறது. பூங்காச் சாலைகளில் மெதுவாகப் போவதும், நிற்பதும், மான் கூட்டத்துக்கு வழிவிடுவதும், நீண்ட மலை இறக்கங்களும்தான் இந்த எஞ்சின் அமைப்புக்கு மிகவும் உகந்த சூழல். பல நேரங்களில் எஞ்சின் அணைந்து கார் சத்தமின்றி நகரும். இந்த மாடலின் அதிகாரபூர்வ மைலேஜ் முதலில் காலனுக்கு 47 என்று அறிவிக்கப்பட்டு, 2014இல் 42ஆகக் குறைத்துத் திருத்தப்பட்டது. திருத்திய எண்ணே நம்பத் தகுந்தது. பூங்காக்களில் அதைத் தாண்டியும், வெயில்கால நெடுஞ்சாலையில் ஏசி முழுவேகத்தில் ஓடும்போது அதற்குக் கீழும் எங்களுக்குக் கிடைக்கிறது.

பராமரிப்பில் வியப்பூட்டும் செலவு எதுவும் இல்லை. எஞ்சின் எண்ணெயை மைல் கணக்கு நிறைவடையாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். கியர்பாக்ஸ் எண்ணெயை மட்டும் அட்டவணைக்கு வெகுமுன்பே மாற்றிவிடுகிறேன். இழுக்கப்படும் மைல்களிலும் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் சுழன்றுகொண்டே இருக்கின்றன என்பதே காரணம். அந்த மைல்களை ஒரு நோட்டில் தனியே குறித்து, டயர் மாற்றத்துக்கும் அதையே கணக்கில் கொள்கிறோம். ஹைபிரிட் பேட்டரி கேபின் காற்றால் குளிர்விக்கப்படுவதால், காற்று உட்செல்லும் வழியைத் துணிமணிகளால் மறைக்காமல் இருப்பதும், கொளுத்தும் வெயிலில் நிறுத்திய காரைக் கிளப்பியதும் உட்புறத்தை முதலில் குளிர்விப்பதும் போதும்.

ஃபியூஷன் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டதால் இனி இதைப் பழைய காராகத்தான் வாங்க முடியும். ஹைபிரிட் பாகங்களுக்கான தொடக்க உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல்; பெரும்பாலான கார்களுக்கு அது முடிந்துவிட்டது. வாங்கும்போது ஓட்டிப் பார்த்து, வேகம் குறையும் நேரத்தில் கியர்பாக்ஸிலிருந்து ரீங்காரமோ உறுமலோ கேட்கிறதா என்று வானொலியை அணைத்துவிட்டுக் கவனியுங்கள். ஏற்கெனவே பேஸ் பிளேட் பொருத்திய கார் கிடைத்தால் கணிசமான செலவு மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் அது எவ்வளவு தூரம் இழுக்கப்பட்டது, கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கான பதிவை உரிமையாளர் காட்டாவிட்டால், அந்தக் காரை நான் வாங்கமாட்டேன்.