இரண்டு சுற்று சுற்றிக் காட்டி என் தலையில் கட்டிய பின் அச்சு

பழைய கார், டிராக்டர் பாகங்களை வைத்துச் சொந்தமாக இழுவை வண்டி கட்டுகிறவர்கள், வேகத்தைக் குறைப்பதற்காகப் பின் அச்சு வாங்கப் போகும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். நான் ஒரு பட்டறையில் நன்றாக ஏமாந்தேன். பணம் போனதை விடுங்கள், ஓடிக்கொண்டிருந்த வண்டியில் பின்சக்கரம் கழன்றது. அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

என் வண்டியில் முன்னால் பழைய கார் எஞ்சினும் அதன் கியர் பாக்ஸும், பின்னால் பழைய டிராக்டரின் பெரிய சக்கரங்கள், நடுவில் அதே காரின் பின் அச்சு. முதல் நாள் ஓட்டியபோதே கோளாறு தெரிந்துவிட்டது. முதல் கியரில் கிளட்சை விட்டால் வண்டி ஓட்டம் பிடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் கியர் 3.5க்கு 1, அதாவது எஞ்சின் 3.5 சுற்று சுற்றினால் கியர் பாக்ஸிலிருந்து ஒரு சுற்று வெளியே வரும். அச்சு 4.1க்கு 1, பெருக்கினால் 14.35. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் சக்கரம் 139 சுற்று. காரின் சின்ன டயருக்கு அது பொருந்தும். டிராக்டர் டயர் ஒரே சுற்றில் 3.7 மீட்டர் போகிறது. ஆக, முதல் கியரிலேயே மணிக்கு 31 கிலோமீட்டர். உழவுக்கும் சுமை இழுக்கவும் எனக்கு வேண்டியது நாலரை.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. 1930களிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் டிராக்டர் வாங்க வசதியில்லாத அமெரிக்க விவசாயிகள் ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களை வெட்டி டூடுல்பக் என்ற இழுவை வண்டிகளைக் கட்டினார்கள். ஸ்வீடனில் இதே மாதிரி வண்டிக்கு ஈபிஏ டிராக்டர் என்று பெயர். ஒரு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொன்றைக் கோப்பதும், லாரி அச்சைப் பின்னால் போடுவதும் அவர்கள் கையாண்ட முறைகள். என்னிடம் அதே மாதிரி இன்னொரு கியர் பாக்ஸ் இருந்தது. அதைக் கோத்தாலும் 8.8 கிலோமீட்டருக்குத்தான் இறங்கும். அச்சும் 8க்கு 1 என்ற அளவில் கிடைத்துவிட்டால் சரியாக நாலரைக்கு வந்துவிடும்.

அப்படித்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் புதுப் பச்சைப் பெயின்ட் அடித்த ஹவுசிங் (அச்சின் வெளிக்கூடு) ஒன்றைக் காட்டி, "சின்ன லாரி அச்சு சார், எட்டுக்கு ஒண்ணு. நீங்க ரெண்டு கியர் பாக்ஸ் இல்ல, மூணு போட்டாலும் தாங்கும்" என்றார். நான் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றேன். தயங்காமல் சம்மதித்தார். அச்சு இரண்டு பக்கமும் தாங்கியில் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. பினியன் (எஞ்சின் பக்கத்துச் சுழற்சியை அச்சுக்குள் கொண்டுபோகும் சின்னப் பற்சக்கரம்) முகப்பில் சாக்பீஸால் கோடு போட்டு, "ஒரு பக்கத்து டிரம்மை ரெண்டு சுற்று சுற்றினா, பினியன் எத்தனை சுற்றுதோ அதுதான் ரேஷியோ" என்று விளக்கினார். அவர் சக்கரம் மாட்டும் அந்தப் பிரேக் டிரம்மைச் சுற்ற, நான் கோட்டைப் பார்த்து எண்ணினேன். எட்டுச் சுற்றும் கொஞ்சமும் வந்தது. மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்துவிட்டு ஏற்றி வந்தேன்.

இதில் நான் கோட்டைவிட்ட இடத்தை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன இரண்டு சுற்றுக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது எதிர்ப்பக்கச் சக்கரம் அசையாமல் நிற்கும்போது மட்டும்தான் செல்லும். திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் நல்ல நிலையில் இருந்தால், ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு சுற்று சுற்றும்போது கிரவுன், அதாவது பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரம், ஒரு சுற்றுத்தான் போகும். அதற்காகத்தான் அந்த இரண்டு. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுற்றினால் கிரவுனும் கூடவே இரண்டு சுற்று போய்விடும். அப்போது வரும் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். அன்றைக்கு எதிர்ப்பக்க டிரம் என்ன செய்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. என் கண் முழுக்கச் சாக்பீஸ் கோட்டின் மேல் இருந்தது. அதை அவர் நன்றாகத் தெரிந்துதான் செய்தார் என்று உறுதியாக நம்புகிறேன்.

அச்சை மாட்டி ஓட்டியதும் சந்தேகம் வந்தது. இரண்டு கியர் பாக்ஸையும் முதல் கியரில் வைத்து, 2000 சுற்றில், 100 மீட்டரைக் கடக்க சுமார் 80 வினாடி ஆக வேண்டும். 41 வினாடியில் கடந்துவிட்டது. திரும்பும்போதெல்லாம் உள்பக்க டயர் தரையைப் பிறாண்டியது. பட்டறைக்குத் தகவல் சொன்னால், "உங்க மீட்டர் தப்பா காட்டுது சார்" என்றார். மறுநாள் கேட்டால், "டயர் புதுசு, பழகினா சரியாயிடும்". அப்புறம் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. சுமையோடு இறுகிய தரையில் திரும்பியபோது படீர் என்று ஒரு சத்தம். வலது சக்கரம் பிரேக் டிரம்மோடும், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டின் துண்டோடும் வெளியே வந்து சாய்ந்தது. வண்டி அந்தப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டது.

கவரைத் திறந்தேன். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல். 4.1க்கு 1, அதாவது நான் கழற்றிப் போட்ட அதே அளவு. டிஃபரன்ஷியலின் சின்னப் பற்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். அதனால்தான் அன்று இரண்டு டிரம்மும் ஒன்றாகச் சுற்றி எட்டைக் காட்டின. லாரி அச்சும் இல்லை, சாதாரணக் கார் அச்சு. லாரி அச்சில் பொதுவாகச் சக்கரத்தின் பாரத்தை ஹவுசிங் மேல் உட்கார்ந்த ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) சுமக்கும், ஷாஃப்ட் திருப்பும் வேலையை மட்டும் செய்யும். உள்ளே ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழலாது. ஹப்பின் நடுவில் போல்ட் வரிசையோடு ஷாஃப்டின் முகப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நான் வாங்கியதில் அது இல்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டிஃபரன்ஷியலை ஒட்டுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மெதுவாக, நேராக, இளகிய மண்ணில் ஓடும் வண்டிக்குச் சிலர் தெரிந்தே செய்கிறார்கள். சொல்லாமல் விற்பதுதான் அநியாயம்.

உடைந்த துண்டை எடுத்துப் போனபோது, "ரெண்டு கியர் பாக்ஸ் போட்டா உடையாம என்ன செய்யும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதில் பாதி உண்மை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. வேகத்தைக் குறைக்கும்போது முறுக்கு விசை அதே மடங்கு கூடுகிறது. என் எஞ்சின் தருவது சுமார் 130 நியூட்டன் மீட்டர். ஒரு கியர் பாக்ஸ் வழியாகப் போனால் பினியனுக்கு 455 வரும், இரண்டு வழியாகப் போனால் ஏறக்குறைய 1590. கார் அச்சு இதற்குச் செய்யப்பட்டதே இல்லை. ஆனால் இதை முதல் நாளே அவரிடம் விளக்கிவிட்டுத்தானே வாங்கினேன்? தாங்கும் என்று சொன்னவரும் அவர்தானே? ரசீதில் "அச்சு 1" என்று மட்டும் இருந்தது. ரேஷியோவும் இல்லை, எந்த வண்டியின் அச்சு என்பதும் இல்லை. பணம் திரும்பவில்லை. வேறு அச்சு தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை.

பிறகு ஒரு பழைய டிராக்டரின் பின்பகுதியை அப்படியே எடுத்துப் போட்டேன். அதில் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தனியாக ஒரு ஜோடிப் பெரிய பற்சக்கரம் இருக்கிறது. குறைக்கும் வேலை கடைசியில் நடப்பதால் அதற்கு முன்னால் உள்ள ஷாஃப்ட்டுகளுக்குப் பாரம் குறைவு. இந்த முறை கவரைத் திறந்து, பல்லை எண்ணி, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். பினியன் 20 சுற்று சுற்றியது. இரண்டாவது கியர் பாக்ஸையே கழற்றிவிட்டேன். முதல் கியரில் 6.3 கிலோமீட்டர். நான் கேட்ட நாலரை இல்லை, ஆனால் எஞ்சினைக் கொஞ்சம் அடக்கி ஓட்டினால் போதும்.

இரண்டு கியர் பாக்ஸோடு ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அடி கியரில் இருக்கும்போது கிளட்சை மிதித்துக்கொண்டு சரிவில் உருள விடாதீர்கள். மொத்தக் குறைப்பு 50 என்றால், மணிக்கு 30 கிலோமீட்டரில் உருளும் வண்டி கிளட்ச் தட்டை 6700 சுற்றுக்கு மேல் சுழற்றும். தட்டு சிதறிக் காலில் பாயலாம்.

அந்தப் பட்டறை வாசலில் அதே பச்சைப் பெயின்ட் அடித்த இன்னொரு ஹவுசிங் இப்போதும் நிற்கிறது. யாராவது உங்களிடம் ரெண்டு சுற்று சுற்றிக் காட்டினால், எதிர்ப்பக்க டிரம்மை நீங்களே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இப்போது சுற்றுங்கள் என்று சொல்லுங்கள். ஒட்டிய அச்சாக இருந்தால் அவரால் அதை அசைக்க முடியாது.