வெண்டோ 44: பழைய பெயிண்ட்டோடு ஏலத்துக்கு விடலாமா, புது பெயிண்ட் அடித்தா?

அமெரிக்க ஏலங்களில் 1950களின் கோகோ கோலா பாட்டில் இயந்திரங்கள் இரண்டு கோலத்தில் வருகின்றன. ஒன்று, தகடு வரை சுரண்டி, டிங்கரிங் பார்த்து, புது சிவப்பும் வெள்ளையும் அடித்து, குரோம் மின்ன நிற்கும். மற்றொன்று, தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட்டே மங்கி, கை பட்ட இடம் தேய்ந்து நிற்கும். ஆனால் காசு போட்டால் குளிர்ந்த பாட்டில் தரும். விற்பதற்காகவே ஒரு இயந்திரத்தைத் தயார் செய்கிறவர் எந்த வழியில் போகலாம்? நாங்கள் இரண்டாவது வழியை எடுத்தவர்கள். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

எடுத்துக்காட்டாக வெண்டோ 44-ஐ வைத்துக்கொள்வோம். வெண்டோ 1937-ல் மிசூரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் தொடங்கிய, காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்களைச் செய்யும் நிறுவனம். 39, 44, 81 என்ற மாடல் எண்கள் எத்தனை பாட்டில் விற்கும் என்பதைக் குறிப்பவை. 44-இன் அகலம் ஏறத்தாழ 16 அங்குலம்தான். சமையலறை மூலையிலும் நிற்கும் என்பதால் ஏலத்தில் அதற்குப் போட்டி அதிகம். 81 அதைவிட அகலம். ஆனால் பல வகை பானங்களை ஒரே நேரத்தில் வைக்கலாம் என்பதால் வீட்டில் தினமும் பயன்படுத்த நினைப்பவர்கள் அதைத் தேடுவார்கள். கீழே சொல்லும் பெயிண்ட் கணக்கு இரண்டுக்கும் பொருந்தும்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. புதுப்பித்தது பளிச்சென்று இருக்கும், புகைப்படத்தில் எடுபடும். பழையதை ரசிக்கக் கொஞ்சம் கண் பழக வேண்டும். பொதுவான வீட்டுப் பொருள் ஏலத்தில் பளபளப்புக்குத்தான் கை உயரும். சோடா, பெட்ரோல் பங்க் பொருள்களுக்கென்றே நடக்கும் ஏலங்களில் கதை வேறு.

முழுப் புதுப்பிப்பில் வேலை எங்கே மாட்டிக்கொள்ளும் என்று முதலில் பார்க்கலாம். கதவில் புடைத்து நிற்கும் எழுத்துகள்தான் இந்த இயந்திரத்தின் முகம். சாண்ட் பிளாஸ்டிங் செய்தால், அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சி பெயிண்ட்டை உரித்தால், மெல்லிய தகடு நெளிந்துவிடும். எழுத்தின் விளிம்பும் மழுங்கும். அதனால் கதவுக்கு பெயிண்ட் ரிமூவரோ பேக்கிங் சோடா பிளாஸ்டிங்கோதான் சரி. சோடா பிளாஸ்டிங் செய்தால், தகட்டில் படியும் மாவை நீர் கலந்த வினிகரால் துடைத்து, நல்ல நீரில் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். அது மிச்சமிருந்தால் சில மாதங்களில் பிரைமர் கொப்புளித்துக் கிளம்பும். அடுத்தது பட்டி. எழுத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் புடைப்பு குறைந்து தெரியும். பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவி அடுப்பில் உருக்கும் பூச்சு) அடிக்கலாம் என்று நினைத்தால், அடுப்புச் சூடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ். சாதாரண பாலியஸ்டர் பட்டி அந்தச் சூட்டில் நிற்காது, ஊதி வெடிக்கும். நசுங்கலைச் சுத்தியலால் முழுதாக நிமிர்த்தினால் மட்டுமே பவுடர் கோட்டிங் சரிவரும். இல்லாவிட்டால் எபாக்சி பிரைமர், அதன் மேல் தடித்த பிரைமர், 320 எண்ணில் தொடங்கி 600 வரை உப்புத்தாள், பிறகு கார் பெயிண்ட் என்ற நீண்ட வழிதான்.

குரோமுக்குத் தனிச் செலவு. கைப்பிடியும் காசு போடும் முகப்பும் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. அதில் விழுந்த குழிகளை அரைத்து, செம்பு ஏற்றி, மறுபடி அரைத்துத்தான் நிக்கலும் குரோமும் ஏற்ற முடியும். நல்ல பட்டறைகூட சில நேரம் வார்ப்பை உடைத்துவிடும். இப்போது புதிதாக வார்த்த உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டால் விற்கும்போது சொல்லியாக வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், மறுவிற்பனை. முழுதாகப் புதுப்பித்த இயந்திரத்தின் விலைக்கு ஒரு கூரை உண்டு. அந்தக் கூரையை வைப்பது ஏலம் அல்ல, புதுப்பிக்கும் பட்டறை. வாங்க வருகிறவர் மனதில், “இதே மாதிரி ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்தால் என்ன ஆகும்?” என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தொகையை நெருங்கியதும் கையை இறக்கிவிடுவார். அதே ஏலத்தில் இன்னொரு பளபளப்பான 44 வந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கீழே இழுக்கும். பழைய பெயிண்ட்டோடு வந்ததற்கு இந்தக் கூரை இல்லை. அதே தேய்மானத்தோடு இன்னொன்றை யாரும் செய்து தர முடியாது. இரண்டு பேருக்குப் பிடித்துவிட்டால் போதும், விலை எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

செலவுப் பக்கம் பாருங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: வேலை 100 மணி நேரம், மணிக்கு 50 டாலர், குரோமும் பெயிண்ட்டும் 1,500 டாலர். இயந்திரம் வாங்கிய விலைக்கு மேல் 6,500 டாலர் ஏறிவிட்டது. விற்கும்போது ஏல நிறுவனம் விற்பவரிடம் கமிஷன் பிடிக்கும். வாங்குபவரிடமும் தனியாக விலையில் ஒரு பங்கு வாங்கும். அவர் அதைக் கழித்துக்கொண்டுதான் ஏலம் கேட்பார் என்பதால் அதுவும் மறைமுகமாக விற்பவர் தலையில்தான் விழும். பழைய பெயிண்ட்டைக் காக்கும் வேலைக்கு 25, 30 மணி நேரம் என்று வைத்தால் இழக்கக்கூடிய தொகையே சிறியது. தவிர, பழையதை வாங்கியவர் நாளைக்குப் புது பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். அடித்துவிட்ட பிறகு பழையதைக் கொண்டுவர வழியே கிடையாது. ஏலத்தில் இந்தத் தேர்வுரிமைக்கும் சேர்த்துத்தான் பணம் தருகிறார்கள்.

பழைய பெயிண்ட்டைக் காப்பது என்றால் துடைத்து வைப்பது என்று அர்த்தமில்லை. முதலில், அது உண்மையிலேயே தொழிற்சாலை பெயிண்ட்டா என்று பார்க்க வேண்டும். பாட்டில் நிரப்பும் கம்பெனிகள் இந்த இயந்திரங்களை அவ்வப்போது திரும்ப பெயிண்ட் அடித்தே கடைகளுக்கு அனுப்பின. திருகுத் தலையிலும் காஸ்கெட் (கதவைச் சுற்றிய ரப்பர் பட்டை) விளிம்பிலும் வரிசை எண் தகட்டிலும் சிவப்பு ஒட்டியிருந்தால் அது பிற்காலத்து வேலை. கீலைக் கழற்றி அடியில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மேல் பூச்சு மெல்லியதாக இருந்தால் 1500, 2000 உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து அடியிலிருப்பதை வெளியே கொண்டுவரலாம். பொறுமையைச் சோதிக்கிற வேலை. காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது: அமெரிக்காவில் வீட்டு உபயோக பெயிண்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-ல்தான். இந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது.

கழுவுவதற்குக் காரமில்லாத சோப்பும் மென்மையான துணியும் போதும். பிரஷர் வாஷர் வேண்டாம்; தண்ணீர் கண்ணாடிநார்க் காப்புக்குள் இறங்கினால் உள்ளிருந்து துரு பிடிக்கும். அடித்தகடுகள் இப்படியும் அரித்துப் போகின்றன. துருக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம். அதை எழுத்துகளின் வெள்ளையில் அதிக நேரம் விடக் கூடாது. கடைசியாக மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள்: மங்கிய பெயிண்ட் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சை அடித்துவிடுகிறார்கள். பொடிந்த பரப்பில் அது பிடிக்காமல் உரியும், உரியும்போது அடியிலிருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டு வழியின் பலனும் போய்விடும்.

உள்வேலை இரண்டு வழிக்கும் ஒன்றுதான், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. துணி சுற்றிய பழைய வயரோடு பிளக்கைச் செருகிப் பார்க்க வேண்டாம். எர்த் உள்ள மூன்று வயர் கார்டு மாற்றுங்கள். கம்ப்ரசரின் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக எடுத்து மீட்டரில் மின்தடை பாருங்கள்: பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும், எந்த முனைக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு காட்டக் கூடாது. குளிர்ந்தால் கேஸ் குழாயைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் வாயு. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 இறுதியோடு நின்றுவிட்டது, காற்றில் விடுவது சட்டவிரோதம், கைவைக்கச் சான்றிதழ் பெற்ற மெக்கானிக் வேண்டும். அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ வாயுவை நேராக ஏற்றினால் கம்ப்ரசரில் இருக்கும் பழைய மினரல் ஆயிலோடு அது கலக்காது; ஆயில், டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி) எல்லாம் மாற்ற வேண்டும். குளிரூட்டும் பகுதி செத்திருந்தால் புதிய யூனிட் பொருத்திவிட்டு, பழையதைத் தனியே பெட்டியில் கட்டி இயந்திரத்தோடு விற்பது நல்லது. ஏலம் கேட்பவர்கள் அதைக் கவனிக்கிறார்கள்.

காசு வாங்கும் பகுதிக்கு எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டி, காசு மெதுவாக உருண்டு, நல்ல காசையே திருப்பித் தள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி உலர்த்தினால் போதும். 1965-ல் அமெரிக்கா பத்து சென்ட், கால் டாலர் காசுகளில் வெள்ளியை எடுத்துவிட்டு செம்பு-நிக்கல் அடுக்கு வைத்தபோது, ஏற்கெனவே இருந்த விற்பனை இயந்திரங்கள் ஏற்கும்படியாகவே அந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் சுத்தமான பழைய பகுதி இன்றைய பத்து சென்ட் காசையும் வாங்கிக்கொள்ளும். பாட்டில்தான் தகராறு. இவை 6.5 அவுன்ஸ் பாட்டிலுக்காகச் செய்தவை. இன்றைய 8 அவுன்ஸ் கண்ணாடி பாட்டிலைப் பெரும்பாலும் சிறு மாற்றத்தோடு ஏற்கும். மெக்சிகோவிலிருந்து வரும் 355 மில்லி பாட்டில் பெரும்பாலும் உள்ளே போகாது, திணித்தால் மாட்டிக்கொள்ளும்.

புது பெயிண்ட்தான் சரி என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. அடித்தகடு ஓட்டையாகிவிட்டது, கதவு வெட்டுப்பட்டிருக்கிறது, பழைய பெயிண்ட் பாதிக்கு மேல் இல்லை, அல்லது யாரோ எல்லாவற்றையும் சுரண்டி வீட்டுச் சுவர் பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்றால் காப்பாற்ற எதுவுமில்லை. சிறு குழந்தைகள் தொடும் இடத்தில் வைப்பதற்கும் உதிரும் ஈயப் பெயிண்ட் ஆகாது. 39 போல நிறைய கிடைக்கும் மாடல் சுமாரான நிலையில் இருந்தால், பழைய பெயிண்ட் என்ற பெயருக்கு மட்டும் பெரிய விலை வராது. பெப்சி, செவன் அப் இயந்திரங்கள் ஏலத்துக்குக் குறைவாகவே வருவதால், அவற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டோம்.

ஏல அறிவிப்பில் “ஒரிஜினல் பெயிண்ட்” என்று எழுதினால் மாற்றிய பாகங்களைத் தனியே பட்டியலிடுங்கள்: காஸ்கெட், கார்டு, பூட்டு, ஸ்டிக்கர். வரிசை எண் தகடு, அடித்தகடு, கீலின் உட்புறம் மூன்றுக்கும் படம் வேண்டும். உள்ளே தெர்மோமீட்டர் 3 டிகிரி காட்டுவதும் காசு போட்டு பாட்டில் எடுப்பதும் ஒரே வீடியோவில் இருக்கட்டும். அனுப்பும்போது மரத் தட்டில் நிமிர்த்தியே கட்டுங்கள். சாய்த்தால் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் ஓடிவிடும். சாய்ந்து போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், வாங்கியவர் அதை ஒரு நாள் நிமிர்த்தி வைத்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். டேப்பை மட்டும் பெயிண்ட் மேல் ஒட்டாதீர்கள். கண்ணாடியிலோ குரோமிலோ ஒட்டுங்கள்.