ஏற்காட்டில் வாங்கிய எலுமிச்சை எண்ணெயும் என் கழுத்தில் விழுந்த கோடும்

கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறவர்கள், ஏரிப் பக்கம் முகத்துக்கென்று எண்ணெய் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். குறிப்பாக மங்குக்காக, அதாவது கன்னத்தில் படரும் கருந்திட்டுக்காக வாங்குகிறவர்கள்.

போன மே மாதம் நானும் தங்கையும் மேலே போயிருந்தோம். 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி அந்தக் குளிர்காற்று முகத்தில் பட்டதும், இங்கே விற்கிற எல்லாமே இந்த மண்ணில் விளைந்த நல்ல பொருள்தான் என்று மனசு நம்பத் தொடங்கிவிடுகிறது. ஒரு கடையில் நீலகிரித் தைலம், எலுமிச்சைப் புல் எண்ணெய், ஜெரேனியம் என்று வரிசையாகச் சின்னச் சீசாக்கள். ஜெரேனியம் இந்த மலையில் பயிரான செடிதான் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே கடையின் மேல் நம்பிக்கை கூடியது.

என் கன்னத்து மங்கைப் பார்த்த கடைக்காரர் தானாகவே ஒரு சீசாவை எடுத்து நீட்டினார். "எலுமிச்சைத் தோல்ல பிழிஞ்ச சுத்தமான எண்ணெய்ங்க அக்கா. காலைல குளிச்சிட்டு அப்படியே தேய்ங்க, பத்து நாள்ல மங்கு போயிரும். நேச்சுரலுங்க, ஒண்ணும் பண்ணாது."

எதிலாவது கலக்க வேண்டுமா என்று கேட்டேன். "கலந்தா பவர் போயிருங்க" என்றார். 15 மில்லி 350 ரூபாய். நான் ஒன்று, தங்கை ஒன்று வாங்கினோம். பில் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை தேய்த்துக்கொண்டு அம்மாப்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை ஸ்கூட்டரில் போனேன். சேலத்து மே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லேசாகச் சுருக்கென்றது, எண்ணெய் வேலை செய்கிறது என்று நினைத்தேன். செவ்வாயும் தேய்த்தேன். புதன் இரவு கன்னம் சிவந்து காந்தியது. வியாழன் காலை நீர்க்கொப்புளம். கழுத்தில் எண்ணெய் வழிந்த தடம் அப்படியே கோடு இழுத்த மாதிரி வெந்திருந்தது.

தோல் மருத்துவர் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே, "எலுமிச்சை ஏதாவது பட்டுச்சாம்மா?" என்றுதான் கேட்டார்.

எலுமிச்சைத் தோலில் ஃபுரானோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே வெயிலின் புற ஊதாக் கதிரும் விழுந்தால் தோல் வெந்துபோகும். கொப்புளம் உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதனால்தான் யாருக்கும் எண்ணெய் மேல் சந்தேகம் வருவதில்லை. புண் ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும்.

இதில் நம்மை ஏமாற்றுவது 'எண்ணெய்' என்ற சொல்தான் என்று இப்போது தோன்றுகிறது. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் உடம்பெல்லாம் தேய்த்து வளர்ந்தவர்கள் நாம். கைக்குழந்தைக்கே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். எண்ணெய் என்றதும் பயமே வருவதில்லை. ஆனால் சீசாவில் விற்பது செக்கில் ஆட்டிய எண்ணெய் அல்ல, செடியின் வாசனைச் சத்தை மட்டும் பிரித்துச் சேர்த்தது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும் என்றால் அதன் வீரியத்தை யோசித்துப் பாருங்கள். முகத்துக்கு என்றால் 30 மில்லி தேங்காயெண்ணெயில் இந்த வாசனை எண்ணெய் 6 சொட்டு, அதற்கு மேல் கூடாது. அதையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் என்றால் கலந்தும்கூட வேண்டாம், வெயிலில் போகிற நாளில் முகத்துக்குக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

சீசா காற்றுப் பட்டுப் பழசானாலும் ஆபத்துதான். டீ ட்ரீ எண்ணெய் போன்றவை கெட்டுப்போனால் ஒவ்வாமை இன்னும் அதிகம் வரும். தயாரித்த தேதியே இல்லாத சீசாவில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த ஞாயிறு கொப்புளத்தின் போட்டோவோடு மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். "உங்க தோலு அப்படிங்க" என்றார். கொஞ்சம் பேசியதும், "எங்க கடையில வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டுவிட்டார். அப்போதுதான் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். ஒரு பச்சை இலைப் படம், '100% நேச்சுரல்', அவ்வளவுதான். அழகுப் பொருள் என்று விற்றால் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமம் எண், பேட்ச் எண், எதற்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி எல்லாம் இருந்தாக வேண்டும் என்று 1940-ம் வருட மருந்து, அழகுப் பொருள் சட்டமும் 2020-ல் வந்த அழகுப் பொருள் விதிகளும் சொல்கின்றன. இதில் ஒன்றுமே இல்லை. உள்ளே இருந்தது எலுமிச்சைதானா, அதோடு வேறென்ன கலந்திருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில் கேட்டார்கள், இல்லை. ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு இருக்கிறது, ஆனால் அதில் வருவது கடைப் பெயர் இல்லை, யாரோ ஒருவர் பெயர். சரி, இருப்பதை அனுப்பியிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது, அடுத்தது அதுதான்.

தங்கை வாங்கிய சீசாவை அவள் இன்னும் திறக்கவில்லை. புகாருக்குத் தேவைப்படும் என்று நான் வாங்கி வைத்திருக்கிறேன்.