கொழிஞ்சாம்பாறையில் கட்டிய ரோட்கிங்: சைலென்சர் மாட்டத் தெரிந்த ஒரு பட்டறை

பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் இடம் கொழிஞ்சாம்பாறை. அங்கிருந்து வேலந்தாவளம் போகும் ரோட்டில் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. வாசலில் எந்நேரமும் ஒரு ஜாவாவோ ஆர்எக்ஸ் 100-ஓ என்ஜின் கழற்றிய நிலையில் நிற்கும், அதுதான் அடையாளம். மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். வீட்டில் தமிழ், கடைக்கு வருகிறவர்களிடம் ஆளைப் பொறுத்துத் தமிழோ மலையாளமோ. கூட வேலைக்கு ஒரே ஒரு பையன்.

நான் கோபாலபுரத்தில் பம்புசெட் மோட்டாருக்கு காயில் கட்டுகிறவன். வண்டி மெக்கானிக் இல்லை. ஆனால் செய்த வேலை நிற்குமா, நிற்காதா என்று பார்த்துச் சொல்லும் அளவுக்குக் கைப்பழக்கம் உண்டு. அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி என் சித்தப்பா ஓட்டிய யெஸ்டி ரோட்கிங். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961 முதல் 1996 வரை வண்டி செய்தது. கம்பெனி மூடியே இவ்வளவு காலம் ஆகிவிட்டதால் இப்போது கிடைக்கும் ஸ்பேரில் பெரும்பாலும் யாரோ வார்த்து, யாரோ கடைந்தது. மேஸ்திரி எதையும் வெர்னியர் வைத்து அளக்காமல் உள்ளே போடுவதில்லை. நான் வாங்கிப்போன பிஸ்டனைப் பார்த்துவிட்டு, "பின் ஓட்டை கோணலா இருக்குது தம்பி, கொண்டு போய் மாத்தீட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த பிஸ்டனுக்குத் தகுந்தபடி கோவையில் ரீபோர் (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அளவாக்குவது), கிராங்க்குக்குப் புது கனெக்டிங் ராட், இரண்டு பக்கமும் புது ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்ப் மாதிரி வேலை செய்வதால், சீல் கசிந்தால் காற்று உள்ளே புகுந்து மிக்சர், அதாவது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, மெலிந்து பிஸ்டன் பிடித்துவிடும். இந்த வேலையெல்லாம் சுத்தம். ஹேண்டில், ஒற்றை சீட், மட்கார்டு என்று நான் கேட்ட மாற்றங்களையும் நன்றாகவே செய்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சீட் தைத்தவர் வேறு ஆள்.

நான் இங்கே சொல்ல வந்தது சைலென்சர் மாட்டிய விதம்.

ரோட்கிங்குக்கு ஒரே சிலிண்டர், ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட், அதாவது புகை வெளியேறும் வாய், இரண்டு. பக்கத்துக்கு ஒரு பெண்ட் பைப், ஒரு சைலென்சர். பெண்ட் பைப்பை சிலிண்டரோடு பிடிப்பது மரை போட்ட வளைய நட். அதைத் திருக கொக்கி ஸ்பேனர் வேண்டும். அது இல்லாத இடத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். சிலிண்டர் வார்ப்பு இரும்பு, மரை தேய்ந்தால் அவ்வளவுதான். முன்பு வேறு ஊரில் ஒரு பட்டறையில் கொடுத்தபோது என் வண்டிக்கு இப்படித்தான் நடந்தது. போதாததற்குப் பின்பக்கம் ரப்பர் புஷ் இல்லாமல், இரும்புப் பட்டையை வளைத்து பைப்பை பிரேமோடு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். நெல்லியாம்பதி ஏறும்போது பிராக்கெட் ஓரத்தில் தகடு கீறி, வழி முழுக்கக் காது அடைக்கும் சத்தம்.

கொழிஞ்சாம்பாறை மேஸ்திரி முதலில் அந்தப் பழைய பட்டைகளை அறுத்துக் கீழே போட்டார். பிறகு என்ஜின் மவுண்டிங் போல்ட் எல்லாவற்றையும் முறுக்கினார். என்ஜின் தன் இடத்தில் உட்காராமல் பைப்புக்கு அளவெடுத்தால் அந்த அளவு பொய் என்றார். லேத்தில் கொடுத்து சிலிண்டர் மரையைச் சீர் செய்து, அதற்கு ஏற்ப நட் கடைந்து வாங்கிவந்தார். காப்பர் வளையத்தை கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். இரும்பு என்றால் விறைக்கும், காப்பர் இளகிவிடும், அப்போதுதான் இடுக்கில் நன்றாகப் படியும். நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, சைலென்சரின் பின்பாகத்தைக் கட்டுக்கம்பியால் பிரேமில் தொங்கவிட்டார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி என்னை மேலே உட்காரச் சொன்னார். பின் ஷாக் இறங்கிய நிலையில் பிரேக் பெடலுக்கும் பைப்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். கிக்கரும் கியரும் ரோட்கிங்கில் ஒரே கம்பிதான். அதை முழுக்க மிதித்து இடது பக்க பைப்பில் இடிக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியான பிறகே பிராக்கெட்டை அதன் இடத்தில் வைத்து வெல்டிங் பொட்டு வைத்தார்.

"போல்ட்டு பைப்பைத் தாங்கோணும் தம்பி, இழுக்கக் கூடாது" என்றார். போல்ட் ஓட்டையும் பிராக்கெட் ஓட்டையும் நெம்பாமல் நேர்க்கோட்டில் வரவேண்டும், விரலால் தள்ளினால் போல்ட் உள்ளே போகவேண்டும். நெம்பி மாட்டினால் அந்த இழுவிசை வெல்டிங் ஓரத்தில் தங்கிவிடும், அதிர்வு சேர்ந்ததும் கீறல் விழும். என் நெல்லியாம்பதிக் கதைக்கு விடை அங்கேதான் கிடைத்தது.

பொட்டு வைத்த பிராக்கெட்டைக் கழற்றி முழு வெல்டிங் அடித்தபின் மறுபடி மாட்டிப் பார்த்தார். வெல்டிங் ஆறும்போது இரும்பு சுருங்கி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நூல் அளவு விலகியிருந்தது. பைப்பைத் தொடவில்லை, பிராக்கெட்டைத்தான் சரி செய்தார். அப்புறம் ரப்பர் புஷ். புஷ்ஷுக்குள் ஒரு ஸ்டீல் குழாய்த் துண்டு போட்டார், ரப்பரின் கனத்தைவிட மயிரிழை குட்டை. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தத்தை அந்தக் குழாய் வாங்கிக்கொள்ளும், ரப்பர் நசுங்காமல் தன் வேலையைச் செய்யும். கடைசியாக முறுக்கும்போதும் முதலில் சிலிண்டர் பக்க நட், அப்புறம் நடு கிளாம்ப், கடைசியில்தான் பின் போல்ட். நட்டில் சிறு ஓட்டை போட்டுக் கம்பியும் கட்டிவிட்டார், தானாகக் கழலாது.

டிராக்கில் ஓட்ட எனக்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் ஒரு செட்டும் வேண்டியிருந்தது. முதலில் கூம்பாக விரிந்து, பிறகு கூம்பாகக் குறுகும் புகைக் குழாய் அது. போர்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, விரியும் கூம்பில் உறிஞ்சும் அலையாகத் திரும்பிப் பழைய புகையை இழுக்கிறது. குறுகும் கூம்பில் மோதித் திரும்பும் அலை, வெளியே தப்பிய புது மிக்சரை போர்ட் மூடும் முன் உள்ளே தள்ளிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் வால்டர் காடன் 1950-களில் வளர்த்தெடுத்த வித்தை இது. 1961-ல் அங்கிருந்து தப்பிய ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் அதை சுசுகிக்குக் கொண்டுபோனார், அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. மேஸ்திரி கிராங்க்கில் டிகிரி தட்டு மாட்டி போர்ட் திறக்கும் கோணத்தை அளந்து, அதிலிருந்து நீளம் போட்டார். ரோட்கிங் என்ஜினின் போர் (சிலிண்டர் விட்டம்) 65 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 75. நீள ஸ்ட்ரோக் என்ஜினை ஆர்எக்ஸ் போல அலறவிடக் கூடாது என்று நடுத்தர ஆர்பிஎம்முக்கே கூம்புகளை வெட்டினார். ஒரே சிலிண்டரின் புகை இரண்டாகப் பிரிவதால் இரண்டு சேம்பருக்கும் ஒரே நீளம், ஒரே கொள்ளளவு. தண்ணீர் ஊற்றி அளந்து காட்டினார். பெண்டோடு சேரும் இடத்தில் கிளாம்ப் இல்லை, சொருகி ஸ்பிரிங் போட்டிருக்கிறது. சூட்டில் பைப் நீள இடம் வேண்டுமே. சேம்பர் மாட்டும்போது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றி, பிளக் காப்பி நிறத்துக்கு வரும்வரை பார்த்துக் கொடுத்தார்.

இதில் எனக்குப் பிடித்தது, ரோட்டுக்கான பாட்டில் சைலென்சரும் டிராக்குக்கான சேம்பரும் ஒரே பிராக்கெட்டில் உட்காரும்படி செய்தது. அது அவர் யோசனை. வேலையை எடுக்கும் முன்பே சட்டத்தைச் சொல்லிவிடுகிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன் நிற்கவேண்டும். பிரேமை வெட்டச் சொல்கிறவர்களை அவர் திருப்பி அனுப்புவதை நானே பார்த்தேன்.

பாட்டில் சைலென்சரோடு ஆழியாறு வழியாக வால்பாறை ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி வந்து பார்த்தால் ஒரு நட் அசையவில்லை, காப்பர் வளையத்தின் ஓரத்தில் கறுப்பு எண்ணெய்க் கசிவு இல்லை. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே வராதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது, இடையிடையே முறுக்கிவிட வேண்டும். நான் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலக்கிறேன்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வண்டி வராது, மாம்பழ சீசனில் முதலமடை டெம்போக்கள் வந்துவிட்டால் பைக் வேலை ஓரமாகப் போய்விடும். போன் எடுக்க மாட்டார். பில் கேட்டால் நோட்டுத் தாளில் மொத்தத் தொகை மட்டும், எதற்கு எவ்வளவு என்று நாமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சேம்பருக்கு அடித்த கறுப்பு பெயிண்ட் முதல் சூட்டிலேயே உரிந்துவிட்டது, வெப்பம் தாங்கும் பெயிண்ட்டை நாமே வாங்கிக் கொடுப்பது நல்லது. இரண்டு சேம்பருக்கும் பிராக்கெட் வேலைக்கும் சேர்த்து என்னிடம் 14,000 ரூபாய் வாங்கினார். கையால் உருட்டிய கூம்புகளைப் பார்த்தபிறகு எனக்கு அது அதிகமாகப் படவில்லை.

போகிறவர்கள் பழைய பெண்ட் பைப், நட், எது இருந்தாலும் துருப்பிடித்திருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள், அளவுக்கு அவருக்கு அது வேண்டும். காலை பத்து மணிக்குள் போனால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.